பூட்டுக்குள் நின்றுகொண்டு கத்தலாமா?

கொண்டச்சிக் கடற்கரையில் இன்றைக்குப் போய் நின்றால் முத்துக்குளிப்பு நடந்ததற்கு ஒரு தடயமும் கண்ணில் படாது. காற்றும் மணலும் கொஞ்சம் தள்ளி மரமுந்திரிகையும்தான். ஆனால் 1803இல் வெளிவந்த ரொபர்ட் பெர்சிவலின் இலங்கை பற்றிய நூலில் எங்கட இந்தக் குடா பேர் சொல்லி வருகிறது. முத்துக்குளிப்புக் காலத்தில் எங்கெங்கிருந்தோ படகுகள் வந்து குவிந்த இடம் இது.

அந்தத் தொழிலில் ஒரு விசயம் எங்களை எப்பவும் யோசிக்க வைக்கும். குளிக்கிறவர் ஒரு கல்லின் பாரத்தோடு அடிக்குப் போவார். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவருக்கு மூச்சு முடியப்போகுது எண்டால் கயிற்றை இழுப்பார், மேலே நிற்பவர் தூக்குவார். ஒருத்தரும் தண்ணிக்குள் இருந்து கத்தினது இல்லை. கத்துறதுக்கு மூச்சு வேணும். மூச்சு இல்லை எண்டதுதானே அங்கே பிரச்சினையே.

இவ்வளவு லேசான இந்த விதியைக் கணினி உலகம் படிக்கப் பல வருடம் எடுத்தது, இன்னும் படித்து முடியவில்லை. பணிசெயல் முறைமையின் ஆக அடியில் இருக்கும் கேர்னலில், பூட்டுகளைக் கையாளும் நிரலுக்குள்ளே, பிழைச் செய்தி எழுதுகிற ஒரு வரி முழு மெஷினையும் உறைய வைக்கலாம். அதைத் திருத்துவது பெரும்பாலும் சில வரிகளின் வேலை. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு, "என்ன, ஒரு பிரிண்ட்டைத் தூக்கியிருக்கிறான், இதுக்கு ஒரு திருத்தமா?" எண்டுதான் தோன்றும். அந்தச் சின்னத் திருத்தம்தான் மரியாதைக்குரிய வேலை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் எங்கட கதை

எங்கள் குழுவில் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன நிரல் செய்தோம். காலையில் கரைக்கு வரும் மீனின் நிறை, விலை, யாருக்கு எவ்வளவு என்பதைப் பதிகிற நிரல். எழுதியது பைதனில். ஒரே நேரத்தில் பல போனில் இருந்து தரவு வரும் என்பதால் கணக்குப் பட்டியலுக்கு ஒரு பூட்டு போட்டோம். ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். வடிவாக வேலை செய்தது.

பிறகு ஒரு நல்ல எண்ணம் வந்தது. பிழை வந்தால் அதைப் பதிந்து வைப்போம், கூடவே அந்த நேரத்தில் பட்டியலில் எத்தனை வரி இருந்தது என்றும் எழுதுவோம். பட்டியலை எண்ணுவதற்கு அதே பூட்டு வேண்டும். யாரும் அதை யோசிக்கவில்லை. மூன்று கிழமை ஒரு பிழையும் வரவில்லை. ஒரு நாள் காலையில் ஒருவர் நிறை என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாக எழுத்தை அடித்துவிட்டார். நிரல் பூட்டைப் பிடித்தபடியே பிழையைக் கண்டது, பதியப் போனது, பதிவதற்கு அதே பூட்டைக் கேட்டது. பைதனின் சாதாரணப் பூட்டை ஒரே திரெட் விடாமலே இரண்டாம் தரமும் கேட்டால் அது முடிவில்லாமல் காத்திருக்கும். தன்னையே காத்துக்கொண்டு நிற்கும்.

அண்டைக்கு முழுக்கக் கொப்பியில்தான் கணக்கு. "தம்பி, பேனை நிக்காது" என்று ஒரு அப்பா சொன்னது இன்னும் காதில் கேட்குது. உண்மையில் அந்தப் பிழை ஒரு சின்னப் பிழை. அந்த ஒரு வரியை நிராகரித்துவிட்டுப் போயிருக்கலாம். எங்களைக் கவிழ்த்தது அந்தப் பிழையைச் சொல்லப் போன நல்ல மனசுதான்.

அதே தவறு, ஆக அடியில்

தமிழில் எழுதும்போது ஒரு வேடிக்கை: ஆங்கிலத்தில் பூட்டுக்கும் பதிவுக்கும் இருக்கும் இரண்டு சொற்களையும் நாங்கள் 'லொக்' என்றுதான் எழுத வேண்டிவரும். அதனால் இங்கே ஒன்றைப் பூட்டு என்றும் மற்றதைப் பதிவு என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டுவதுதான் இந்தக் கட்டுரையின் விசயம்.

லினக்ஸ் கேர்னலில் செய்தி எழுதுவதற்கு இருக்கும் ஃபங்ஷனின் பெயர் பிரிண்ட்கே. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட முதல் பதிப்பிலேயே அது இருந்தது. பார்க்க அப்பாவி. ஆனால் ஒரு செய்தி திரைக்கோ சீரியல் கம்பிக்கோ போய்ச் சேர வேண்டுமானால் இடையில் பல பூட்டுகளைக் கடக்க வேண்டும். பல வருடமாக, செய்தித் தொட்டிக்கு ஒரு பூட்டு, திரையைக் கையாளுவதற்கு ஒரு பூட்டு, சீரியல் கருவிக்கு இன்னொன்று என்று இருந்தது. வேலை முடிந்ததும், திரைக்காகக் காத்துக்கொண்டு தூங்குகிறவர் யாராவது இருந்தால் அவரை எழுப்ப வேண்டும். எழுப்புவது யார்? எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர். அதற்கும் ஒரு பூட்டு இருக்கிறது.

இப்போது ஷெட்யூலருக்குள்ளேயே ஏதோ கோணலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தன் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே பிரிண்ட்கேயைக் கூப்பிடுகிறது. பிரிண்ட்கே எழுதி முடித்துவிட்டுத் தூங்குகிறவரை எழுப்பப் போகிறது. எழுப்புவதற்கு ஷெட்யூலரின் பூட்டு வேண்டும். அது ஏற்கனவே பூட்டப்பட்டிருக்கிறது, பூட்டியவர் அதே கோர். இந்தப் பூட்டு சுழல்பூட்டு, கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக்கொண்டே கேட்கும் வகை. குறுக்கீடுகளும் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதால் வெளியில் இருந்து யாரும் வந்து தட்டி எழுப்பவும் ஏலாது. அந்தக் கோர் அங்கேயே செத்துப் போகும். அந்தப் பூட்டைக் கேட்டு வரும் மற்றக் கோர்களும் ஒவ்வொன்றாக வரிசையில் நிற்கும்.

பூட்டு முட்டாவிட்டாலும் நேரம் இருக்கிறது. சீரியல் கம்பி 115200 வேகத்தில் ஒரு விநாடிக்கு 11,520 எழுத்துத்தான் அனுப்பும். 80 எழுத்து வரி ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 7 மில்லி விநாடி. கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். ஆனால் 3 கிகாஹெர்ட்ஸ் கோர் ஒன்று அந்த நேரத்தில் இரண்டு கோடித் தரம் துடித்திருக்கும். குறுக்கீடுகளை நிறுத்தி, பூட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கோடித் துடிப்பை ஒரு வரி எழுத்துக்குச் செலவழிப்பது எந்தக் கணக்கில் நியாயம்? ஒரு பிழை அறிக்கை பெரும்பாலும் ஒரு வரியோடு நிற்பதும் இல்லை. எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல் முழுக்க வரும்.

திருத்தியவர்கள் என்ன செய்தார்கள்?

ஷெட்யூலர்காரர்கள் இதை முதலே உணர்ந்தார்கள். "இப்போதைக்குத் தொட்டியில் போட்டு வை, பிறகு வேறு யாராவது திரைக்குக் கொண்டு போகட்டும்" என்று சொல்கிற தனி ஃபங்ஷன் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். 2014இல் அதற்குப் பிரிண்ட்கே-டெஃபர்ட் என்று பொதுப்பெயர் வந்தது. பிறகு, எந்தக் குறுக்கீட்டாலும் மறிக்க முடியாத இடங்களில் இருந்து எழுதுவதற்குத் தனித் தொட்டிகள் வந்தன. 2020 டிசம்பரில் வந்த 5.10 பதிப்பில் ஜோன் ஓக்னெஸ் எழுதிய, பூட்டே தேவைப்படாத வளையத் தொட்டி சேர்ந்தது.

இது எவ்வளவு பெரிய வேலை என்று விளங்க ஒரு கதை. லினக்ஸை நேரம் தவறாத கருவிகளுக்கு ஏற்றதாக்கும் முயற்சி, பிரீம்ப்ட்-ஆர்டி, இருபது வருடம் போல நடந்தது. 2024 செப்டெம்பரில்தான் அது முழுமையாகப் பிரதான கேர்னலுக்குள் ஏற்கப்பட்டது. கடைசிவரை வழியை மறித்துக்கொண்டு நின்ற பெரிய தடை பிரிண்ட்கே. இருபது வருட உழைப்பு, செய்தி எழுதும் ஒரு ஃபங்ஷனுக்காக வாசலில் காத்து நின்றது.

எங்களுக்கு ஆகப் பிடித்தது லொக்டெப் செய்யும் முறை. 2006இல் இங்கோ மொல்னார் முன்னின்று கொண்டுவந்த கருவி அது. யார் எந்தப் பூட்டுக்குப் பிறகு எந்தப் பூட்டை எடுக்கிறார்கள் என்று வரைபடம் போட்டு வைத்து, முட்டக்கூடிய வரிசை வந்தால் எச்சரிக்கும். அந்த வரைபடத்தைக் காக்கவும் உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது. பிழையைக் கண்டதும் லொக்டெப் முதல் செய்வது என்ன தெரியுமா? தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது, தன் வரைபடப் பூட்டை விடுகிறது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கிறது. அந்த வேலையைச் செய்யும் ஃபங்ஷனின் பெயரிலேயே இந்த ஒழுங்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது: சோதனையை நிறுத்து, வரைபடத்தைத் திற. ஒரு பிழையைச் சொன்னதோடு அடுத்த தடவை மெஷினைத் திரும்ப ஓட்டும்வரை அது பேசாது. ஒருதரம் சொன்னால் போதும்.

2025 மே மாதம் வந்த 6.15 பதிப்பில் இன்னொரு படி. முட்டிக்கொண்டால் உறைந்து போகாமல், "இந்தப் பூட்டு கிடைக்காது, முட்டல்" என்று பிழை எண்ணைத் திருப்பித் தருகிற சுழல்பூட்டு ஒன்று பிபிஎஃப் நிரல்களுக்காக வந்தது. பிபிஎஃப் என்பது கேர்னலுக்குள்ளே கிட்டத்தட்ட எங்கே வேண்டுமானாலும் கொளுவிவிடக்கூடிய சின்ன நிரல்கள். அப்படியானால் இந்தப் பூட்டின் பிழைப் பாதை எந்த நேரத்தில், எந்தெந்தப் பூட்டுகள் கையில் இருக்கும்போது ஓடும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல ஏலாது. அங்கே ஒரு பிரிண்ட்கேயை வைத்தால், உறையாமல் தப்புவதற்காகக் கட்டிய பூட்டே உறைவதற்குக் காரணமாகும். அதே ஆண்டிலேயே இதற்கு ஒழுங்கான வழி வந்தது. முட்டல் பற்றிய செய்தியைப் பொதுப் பதிவில் கத்தாமல் அந்த நிரலுக்கே உரிய தனி ஓடையில் எழுதி வைப்பது. எழுதும் பக்கத்தில் பூட்டில்லாத பட்டியல். வாசிக்க வருபவர் பக்கத்தில்தான் பூட்டு. காத்திருக்க நேரம் உள்ளவர் காத்திருக்கட்டும், மூச்சில்லாதவர் கயிற்றை இழுத்துவிட்டு விலகட்டும்.

"அப்ப பதிவே வேண்டாமா?"

இதைக் குழுவில் கதைத்தபோது ஒரு தோழி எதிர்த்தார். "பிழையை எழுதாட்டி எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பேசாமல் இருக்கிற மெஷினை விடக் கத்திப்போட்டுச் சாகிற மெஷின் பரவாயில்லையே." நியாயமான கேள்வி. மௌனத்துக்கு விலை உண்டு என்பதற்கு வரலாற்றில் பெரிய சாட்சி இருக்கிறது.

2003 ஓகஸ்ட் 14. அமெரிக்காவின் ஒகாயோவில் ஃபெர்ஸ்ட்எனர்ஜி மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அபாய அறிவிப்பு மென்பொருள் சத்தமில்லாமல் நின்று போனது. இரண்டு வேலைகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொட்டதால் வந்த பிழை. புதிய அறிவிப்புகள் வரிசையில் தேங்கின, சேர்வர் விழுந்தது, பொறுப்பேற்ற மாற்றுச் சேர்வரும் விழுந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அங்கே இருந்தவர்கள், அறிவிப்பு ஒன்றும் வரவில்லை, ஆகவே எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில்.

மறுபக்கமும் பாருங்கள். 1997 ஜூலை 4 செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் சில நாட்களில் திரும்பத் திரும்பத் தன்னைத்தானே மீள இயக்கிக்கொண்டது. காரணம் ஒரு பூட்டு. முக்கியம் குறைந்த வானிலை வேலை ஒன்று அதைப் பிடித்திருக்க, நடுத்தர வேலைகள் அதை ஓட விடாமல் முந்திக்கொள்ள, ஆக முக்கியமான வேலை காத்துக் காத்து நேரம் கடந்துவிட்டது. பொறியியலாளர்கள் பூமியில் வைத்திருந்த அதே மாதிரிக் கருவியில், சுவட்டுப் பதிவை இயக்கி வைத்துக்கொண்டு, அதே நிலைமையை வரவைத்துக் கண்டுபிடித்தார்கள். திருத்தம், அந்தப் பூட்டில் ஒரு அமைப்பை மாற்றுவதுதான். சுவட்டுப் பதிவு இல்லாவிட்டால் அந்த முட்டலை வரிசைப்படி கண்டிருக்க முடியாது.

ஆகவே நாங்கள் பதிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒகாயோவில் நடந்ததும் எங்கட பைதன் நிரலில் நடந்ததும் அடிப்படையில் ஒரே குறைதான். பிழையைச் சொல்கிறவர், பிழைபட்ட அதே பொருளில் தங்கி நிற்கிறார். காவல்காரனின் சாவி திருடன் நிற்கிற அறைக்குள் இருக்கிறது. அதைத் திருத்தாமல் இன்னும் இருபது பதிவு வரி சேர்ப்பதால் ஒரு பயனும் இல்லை.

இன்னொரு வாதமும் வரும். "இது ஆயிரத்தில் ஒருதரம் நடக்கிற விசயம், இதுக்கு ஏன் இவ்வளவு?" அரிதாக நடப்பதுதான் ஆபத்து. பிழைப் பாதை என்பது யாரும் நடக்காத பாதை. ஒவ்வொரு நாளும் ஓடும் வரியில் தவறு இருந்தால் முதல் நாளே பிடிபடும். மூன்று கிழமைக்கு ஒருதரம் ஓடும் வரியைச் சோதித்தவர் யார்? எங்களில் யாரும் இல்லை. அன்ட்ரொய்ட் போன் ஒவ்வொன்றுக்குள்ளும் லினக்ஸ் கேர்னல்தான் ஓடுகிறது. இத்தனை கோடிக் கருவிகளில் ஆயிரத்தில் ஒன்று என்பது சின்ன எண் இல்லை.

நாங்கள் கேட்பது

நிரல் எழுதும் தம்பி தங்கைகளிடம் எங்களுக்குச் சில வேண்டுகோள் உண்டு.

பதிவு வரி ஒன்றைச் சேர்க்கும்போது, "என்ன எழுதுகிறேன்" என்பதற்கு முதல் "எங்கே நின்று எழுதுகிறேன்" என்று கேளுங்கள். கையில் என்ன பூட்டு இருக்கிறது? எழுதும் ஃபங்ஷன் என்ன பூட்டைக் கேட்கும்? இது கேர்னல்காரர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. சி மொழியில் சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷனுக்குள் பிரிண்ட்எஃப் போடுகிறவர்கள் எத்தனை பேர்? அங்கே அதைப் பயன்படுத்தப் பாதுகாப்பு இல்லை. போசிக்ஸ் தரநிலை பாதுகாப்பானது என்று பட்டியலிடும் ஃபங்ஷன்களில் ரைட் இருக்கிறது, பிரிண்ட்எஃப் இல்லை.

முடிந்தால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள். பூட்டுக்குள் இருக்கும்போது தேவையான இரண்டு மூன்று எண்களை மட்டும் ஒரு மாறியில் எடுத்து வையுங்கள். பூட்டை விடுங்கள். பிறகு எழுதுங்கள். திருப்பித் தரும் பிழை எண்ணே விசயத்தைச் சொல்லுமானால், பூட்டுக்குள் அதைத் திரும்ப எழுத வேண்டிய தேவையே இல்லை. கூப்பிட்டவர் வெளியில் நின்று எழுதட்டும். எங்கள் மீன் கணக்கு நிரலையும் இப்படித்தான் திருத்தினோம். மாறியது ஆறு வரி. கண்டுபிடிக்க எடுத்தது இரண்டு இரவு.

கடைசியாக, இப்படியான திருத்தங்களைச் சின்னது என்று தள்ளாதீர்கள். எங்கட பெடியளிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. செயலி செய்தவனைத் தெரியும், பிழைப் பாதையில் ஒரு வரியை இடம் மாற்றியவனைத் தெரியாது. மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் கூகிள் சம்மர் ஒஃப் கோட்டின் முதல் பத்தாண்டில் உலகிலேயே முன்னணியில் நின்றவர்கள். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்த மூல மென்பொருள் எட்டாத உயரம் இல்லை. கேர்னலின் ஒவ்வொரு வரியும், ஒவ்வொரு வரியும் ஏன் மாறியது என்ற குறிப்பும் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. டேட்டா இருக்கும் நாளில் இறக்கி வைத்தால் கரண்ட் இல்லாத இரவிலும் மடிக்கணினியின் பற்றரியில் வாசிக்கலாம். நாங்கள் அப்படித்தான் வாசித்தோம். விளங்காத இடத்தில் நாலு பேர் சேர்ந்து தலையைச் சொறிந்தோம்.

அந்த நிரல் இப்போது மறுபடியும் ஓடுகிறது. அந்த அப்பா இன்னும் கொப்பியையும் கொண்டுதான் வருகிறார். நாங்கள் அவரைத் தடுக்கவில்லை. எங்கட நிரலின் ஒரு பூட்டிலும் தங்கி நிற்காத பதிவு இந்தக் கரையில் அது ஒன்றுதான்.